"பல் மருத்துவரைப் பார்க்கவும்": கலிஃபோர்னியாவில் பல் காப்பீடு நின்ற பின் ஒரு நோயாளியின் நான்கு வருகைகள்

பின்னணி

இந்த நிகழ்வு கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், வயல்களும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த ஓர் ஊரின் நடுத்தர மருத்துவமனையில் நடந்தது. நோயாளியையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து, பிறகு அதே மருத்துவமனையில் நோயாளிகளின் காப்பீட்டையும் வீடு திரும்பிய பிறகான தொடர் சிகிச்சையையும் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தவள் நான். இவருடைய கோப்பை முதலிலிருந்து படித்துப் பரிசீலனைக் கூட்டத்தில் வைக்கும் வேலை என்னிடம் வந்தது.

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேய்ட். செலவைக் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. கலிஃபோர்னியாவில் அதற்கு மெடி-கால் என்று பெயர். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல் சிகிச்சை தந்தே ஆகவேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். பெரியவர்களுக்குத் தருவதும் தராததும் மாநிலத்தின் விருப்பம். அதனால் கஜானாவில் துண்டு விழுந்தால் முதலில் கத்தி விழுவது பெரியவர்களின் பல் சிகிச்சை மீதுதான்.

2008 பொருளாதாரச் சரிவில் கலிஃபோர்னியாவின் வரவு செலவில் பெரும் பள்ளம் விழுந்தது. 2009 ஜூலை 1 முதல் மெடி-காலில் பெரியவர்களுக்கான பல் சிகிச்சை நிறுத்தப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்கும் விலக்கு இருந்தது. கூட்டரசு விதி கட்டாயமாக்கிய மிகச் சில சேவைகளும் தொடர்ந்தன. மற்றபடி சுமார் 30 லட்சம் பேர் அந்தச் சலுகையை இழந்தார்கள்.

இதோடு இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யார் வந்தாலும் பணமோ காப்பீடோ இல்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. பரிசோதித்து, அவசர மருத்துவ நிலை இருந்தால் நிலைப்படுத்தியாக வேண்டும். பல் மருத்துவமனையின் கதவு மூடிய பிறகும் எங்கள் கதவு இரவு பகலாகத் திறந்திருந்தது. ஆனால் உள்ளே பல் மருத்துவர் இல்லை, பல் நாற்காலி இல்லை, சொத்தையைத் துளைத்து எடுக்கும் கருவியும் இல்லை.

நோயாளி

நாற்பதுகளின் நடுவில் இருந்த பெண். ஸ்பானிஷ் தாய்மொழி, மருத்துவ விஷயங்களைப் பேசும்போது தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. மணிக்கணக்கில் சம்பளம், போகாத மணிக்குக் காசு இல்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவந்தார். மெடி-கால் அட்டை அவரிடம் எப்போதும் இருந்தது. இடையில் அது ஒருநாளும் காலாவதியாகவில்லை. அட்டைக்குள் இருந்த பல் சிகிச்சை மட்டும்தான் போயிருந்தது.

2009 வசந்த காலத்தில் கீழ்த்தாடை இடப்பக்கம், இரண்டாவது கடைவாய்ப்பல்லில் ஆழமான சொத்தை இருப்பதை ஒரு பல் மருத்துவர் எக்ஸ்ரேயில் கண்டு, தற்காலிக அடைப்பு வைத்து, திரும்பி வரச் சொல்லியிருந்தார். ஜூலைக்கு முன் வேலையை முடித்துக்கொள்ள எல்லோரும் ஓடிய மாதங்கள் அவை. இவருக்குக் கிடைத்த தேதி ஜூலைக்குப் பிறகு விழுந்தது. சந்திப்பு ரத்தானது. கைக்காசு போட்டுச் செய்துகொள்ளலாம் என்றார்கள். வேர் சிகிச்சைக்கும் மேலுறைக்கும் சொன்ன தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு அருகில் இருந்தது. வலி இல்லாததால் அவர் விட்டுவிட்டார்.

முதல் மூன்று வருகைகள்

தற்காலிக அடைப்பு 2010இல் உடைந்தது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், இரவு தூங்கவிடாத வலியோடு முதல் முறை வந்தார். முகத்தில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஐபுபுரூஃபென், பெனிசிலின், "பல் மருத்துவரைப் பார்க்கவும்" என்ற வரி உள்ள ஒரு தாள். சில மணி நேரத்தில் வீடு திரும்பினார்.

குளிர்காலத்தில் இரண்டாம் வருகை. அதே பல். வேறொரு மருத்துவர் பணியில் இருந்தார். அமாக்சிசிலினும் ஹைட்ரோகோடோன் கலந்த வலி மாத்திரையும் கொடுத்தார். அதே தாள்.

மூன்றாவது முறை வந்தபோது இடக்கன்னம் வீங்கியிருந்தது. ரத்தச் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. வாய் நன்றாகத் திறந்தது, விழுங்க முடிந்தது. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஒரு தவணை ரத்தநாளம் வழியாகச் செலுத்தி, மீதியை மாத்திரையாகக் கொடுத்து அனுப்பினார்கள். தாளில் இந்த முறை "அவசரமாக" என்ற சொல் கூடியிருந்தது.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அன்றைய நடைமுறைப்படி இந்த மூன்று முடிவுகளிலும் குறை சொல்வது கடினம். ஆனால் அவை எதைச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பல்லின் உள்கூழ் செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு ஆன்டிபயாடிக்கும் போகாது. மருந்து, பல்லுக்கு வெளியே பரவிய கிருமியைத் தற்காலிகமாக அடக்கும். ஊற்று உள்ளேயே இருக்கும். பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

அவர் தாளில் சொன்னபடி முயலாமலும் இல்லை. மெடி-கால் ஏற்கும் பல் மருத்துவர்களை மகள் தொலைபேசியில் தேடியிருக்கிறாள். வலிக்கும் தொற்றுக்கும் செய்யும் சில சேவைகளுக்கு விதிவிலக்கு உண்டு என்று காகிதத்தில் இருந்தது; ஆனால் பெரியவர்களுக்கான காப்பீடு நின்றதும் அந்த வட்டாரத்தில் பல மருத்துவர்கள் திட்டத்தை விட்டே விலகியிருந்தார்கள். சமூக மருத்துவ மையத்தில் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் உண்டு, ஆனால் காத்திருப்புப் பட்டியல் வாரக்கணக்கில் நீண்டது. இவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது.

நான்காவது வருகை

மூன்றாவது வருகைக்குப் பிறகு இரண்டு வாரம் கூட ஆகவில்லை. ஞாயிறு இரவு மகள் காரில் அழைத்துவந்தாள். வரவேற்பில் பதிந்த புகார்: பல்வலி.

அன்று நோயாளிகளை வரிசைப்படுத்தும் பணியில் இருந்த செவிலியர் கவனித்தவற்றை அவருடைய குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் எல்லாம் திரும்பிய இடம் அதுதான். நோயாளி நாற்காலியில் சாயவில்லை. முன்னால் குனிந்து, கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். எச்சிலை விழுங்காமல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். குரல், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் மழுங்கியிருந்தது. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. வீக்கம் இப்போது இடப்பக்கம் மட்டும் இல்லை; தாடையின் அடியில் இருபுறமும் பரவி, தொட்டால் பலகைபோல் விறைத்திருந்தது. நாக்கு மேலெழுந்து அண்ணத்தை ஒட்டி நின்றது.

பல்வலி என்ற புகாருக்கு வழக்கமாகக் கொடுக்கும் வரிசை எண்ணை அவர் கொடுக்கவில்லை. நேராக உயிர்மீட்பு அறைக்கு அழைத்துப் போனார்.

இது லுட்விக் ஆஞ்சைனா. ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக் 1836இல் விவரித்த நோய். வாயின் அடித்தளம் முழுவதும் தொற்று பரவி, நாக்கைப் பின்னும் மேலும் தள்ளி மூச்சுவழியை அடைக்கும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் பிடித்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். கீழ்த்தாடையின் இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப்பற்களில் இது அதிகம் தொடங்குவதற்கு உடற்கூறு ரீதியாகக் காரணம் இருக்கிறது: அவற்றின் வேர்நுனி, வாயின் தளமாக இருக்கும் தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே முடிகிறது. சீழ் எலும்பைத் துளைத்தால் நேராகத் தாடையின் அடிப்பகுதிக்குள் இறங்கும். சர்க்கரை நோய் அதை வேகப்படுத்தும். தொற்று சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களைச் சோர வைக்கும்.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி ஸ்கேனா, மூச்சுவழியா என்பது. சீழ் எங்கே இருக்கிறது என்று அறிய சி.டி. தேவை, ஆனால் அதற்கு நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். படுத்தால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சு நின்றுபோகக்கூடும். பணியில் இருந்த மருத்துவர் ஸ்கேனைத் தள்ளி வைத்தார். ரத்தநாளம் வழியாக ஆம்பிசிலின்-சல்பாக்டம் என்ற ஆன்டிபயாடிக்கும் திரவமும் இன்சுலினும் உட்கார்ந்த நிலையிலேயே தொடங்கின.

இரண்டாவது கேள்வி, வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதா என்பது. எங்களிடம் வாய்-தாடை அறுவை நிபுணர் இரவுப் பணியில் இல்லை. பெரிய மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல். ஆம்புலன்ஸில் பாதி வழியில் மூச்சு அடைத்தால் அங்கே யாராலும் குழாய் போட முடியாது. மூச்சுவழியைப் பாதுகாக்காமல் அனுப்பக் கூடாது என்று முடிவானது. வீட்டிலிருந்து மயக்க மருத்துவரையும் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவரையும் அழைத்தார்கள்.

மூன்றாவது, குழாய் போடும் முறை. வழக்கம்போல் மயக்கி, தசைகளைத் தளர்த்திவிட்டுக் குழாய் போட முயன்று அது போகாவிட்டால், நோயாளி தானாக மூச்சுவிடும் சக்தியையும் இழந்திருப்பார். எனவே அறுவை அரங்கில், உட்கார வைத்து, விழிப்போடு இருக்கும்போதே மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, நெகிழ்வான கேமராக் குழாயின் வழிகாட்டலில் மூக்கு வழியாகச் செலுத்தினார்கள். தொண்டையைத் திறந்து குழாய் வைக்கும் கருவிகளோடு அறுவை மருத்துவர் பக்கத்திலேயே நின்றார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கடைசி நிமிடம் வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தார். விழிப்போடு இருப்பவரிடம் இந்தச் சிகிச்சையைச் செய்யும்போது மருந்துக்கு நிகராக வேலை செய்வது அவருக்குப் புரியும் மொழியில் ஒரு குரல். அதைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

குழாய் உள்ளே போன பிறகு சி.டி. எடுத்தார்கள். தாடையின் அடியில் இருபுறமும் அறுத்து, சீழை வடித்து, வடிகுழாய்கள் வைத்தார்கள். மறுநாள் வெளியிலிருந்து வந்த வாய்-தாடை அறுவை நிபுணர் அந்தக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்.

இரண்டு ஆண்டுகளாக யாரும் தொட முடியாமல் இருந்த பல் அது. அறுவை அரங்கில், உள்நோயாளிச் சிகிச்சையின் பகுதியாகப் பிடுங்கியதால் மெடி-கால் அதற்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் இருந்த நாட்களுக்கும் பணம் செலுத்தியது.

வீடு திரும்பியது

நாக்கின் வீக்கம் வடியச் சில நாட்கள் வெண்டிலேட்டரில் இருந்தார். குழாயை எடுத்த பிறகு இன்னும் ஒரு வாரம் வார்டில். கழுத்தில் தழும்பு நின்றது. விழுங்குவது மெதுவாகத் திரும்பியது. வீட்டில் ஊசியாகப் போட்டுக்கொள்ள இன்சுலின் கற்றுக்கொடுத்தோம். அவர் பார்த்துவந்த முதியவருக்கு அதற்குள் வேறு ஆளை வைத்துவிட்டார்கள்.

வாயில் இன்னும் இரண்டு பற்களில் ஆழமான சொத்தை இருந்தது. வெளியேறும் தாளின் வரைவு என் மேசைக்கு வந்தபோது கடைசியில் பழைய அதே வரி இருந்தது. அந்த வரியோடு அவரை அனுப்புவதில்லை என்று மருத்துவரும் நானும் தீர்மானித்தோம். சமூக மருத்துவ மையத்தின் பல் பிரிவுப் பொறுப்பாளரோடு நேரில் பேசி, தேதியும் நேரமும் குறித்த சந்திப்பு உறுதியாகும் வரை கோப்பை மூடவில்லை. அந்த இரண்டில் ஒன்றை அடைத்தார்கள், ஒன்றைப் பிடுங்கினார்கள்.

கோப்பைத் திருப்பிப் பார்த்தபோது

பரிசீலனையில் என்னை அதிகம் உலுக்கியது குறியீடுகள். அமெரிக்க மருத்துவமனைகளில் ஒவ்வொரு வருகைக்கும் நோய்க் குறியீடு உண்டு. அப்போது ஐ.சி.டி.-9 என்ற குறியீட்டுப் பட்டியல் நடப்பில் இருந்தது. முதல் வருகை 525.9, அதாவது குறிப்பிடப்படாத பல் கோளாறு. இரண்டாவது 522.5, வேர்நுனிச் சீழ். மூன்றாவது 682.0, முகத் தோலடித் தொற்று. நான்காவது 528.3, வாயின் மென்திசுத் தொற்று. 520 முதல் 525 வரையிலான பல் குறியீடுகளை மட்டும் எடுத்து "பல் காரணமான வருகைகள்" என்று எங்கள் மருத்துவமனை தயாரித்த பட்டியலில் முதல் இரண்டும் இருந்தன. கன்னம் வீங்கிய வருகை அதில் இல்லை. உயிர் போகவிருந்த வருகையும் இல்லை. ஒரே பல்லின் கதை நான்கு வெவ்வேறு நோய்களாகச் சிதறிக் கிடந்தது. மலிவான முனை பட்டியலில் தெரிந்தது. விலை உயர்ந்த முனை தெரியவில்லை.

கலிஃபோர்னியா முழுவதற்குமான கணக்கு பிறகு வந்தது. 2015இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வு, காப்பீட்டை நிறுத்தியதும் மெடி-கால் பெரியவர்களின் பல் தொடர்பான அவசரப் பிரிவு வருகைகள் உடனடியாக உயர்ந்ததையும், ஆண்டுக்கு 1,800க்கும் மேற்பட்ட வருகைகள் கூடியதையும் காட்டியது. அவ்வருகைகளின் ஆண்டுச் சராசரிச் செலவு 68 சதவீதம் ஏறியிருந்தது. இளவயதினர், சிறுபான்மை இனத்தவர், நகரவாசிகள் ஆகியோர் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 1,800 என்ற எண்ணைப் பெரிய மாநிலத்தில் சிறியது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருகை எப்படி இருக்கக்கூடும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மாற்றியவை

பல்வலியோடு வருபவர்களிடம் நான்கு விஷயங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று செவிலியர் படிவத்தைத் திருத்தினோம்: வாய் எவ்வளவு திறக்கிறது, எச்சிலை விழுங்க முடிகிறதா, நாக்கின் அடிப்பகுதி மென்மையாக இருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா. சர்க்கரை நோயாளி என்றால் ரத்தச் சர்க்கரையும்.

ஒரே பல்லுக்காக இரண்டாம் முறை வந்தால் கணினியில் அடையாளம் எழும்பும். அவரை மருந்துச் சீட்டோடு மட்டும் அனுப்பாமல் என் பிரிவுக்குத் தகவல் வரும். சமூக மையம் வாரத்தில் சில நேரங்களை எங்கள் நோயாளிகளுக்கென்று ஒதுக்கச் சம்மதித்தது. அதைப் பெறப் பல மாதங்கள் பேச வேண்டியிருந்தது. அவர்களிடமும் ஆள் குறைவு, காசு குறைவு.

வலிக்கு ஹைட்ரோகோடோன் போன்ற, பழக்கமாகிவிடக்கூடிய ஓபியாய்ட் மாத்திரை எழுதுவதைக் குறைக்க, கீழ்த்தாடை நரம்பை நீண்டநேர மருந்தால் மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட எங்கள் மருத்துவர்கள் பயிற்சி பெற்றார்கள். அந்த மருந்தான புபிவகெய்ன் பல மணி நேரம் நிற்கும். நோயாளி ஓர் இரவு தூங்கி, காலையில் பல் மருத்துவரிடம் போக நேரம் கிடைக்கும். போக இடம் இருந்தால்தான் அந்த இரவுக்குப் பயன்.

அவசரப் பிரிவிலேயே ஒரு பல் நாற்காலி வைக்கும் யோசனை கூட்டத்தில் வந்து, நிதி இல்லாமல் நின்றுபோனது.

அதன் பிறகு

2013இல் ஒன்பதாம் வட்டாரக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு அங்கீகாரம் பெற்ற சமூக, கிராமப்புற மருத்துவ மையங்களில் பெரியவர்களுக்குச் செய்யும் பல் சிகிச்சைக்கு மெடி-கால் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2014 மே மாதம் பரிசோதனை, சுத்தம் செய்தல், அடைப்பு, முன்பற்களுக்கு வேர் சிகிச்சை, முழுப் பல்செட் ஆகியவற்றை மாநிலம் திரும்பத் தந்தது. கடைவாய்ப்பல் வேர் சிகிச்சையும் பகுதிப் பல்செட்டும் 2018 ஜனவரியில்தான் திரும்பின. நம் நோயாளிக்கு நோய் தொடங்கிய அந்தப் பல்லுக்கு வேண்டியிருந்த சிகிச்சை, வெட்டு நடந்து எட்டரை ஆண்டு கழித்துப் பட்டியலில் ஏறியது. அவருக்கு அதனால் கிடைத்தது, இழந்த பற்களின் இடத்தில் ஒரு பகுதிப் பல்செட். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. வேறொரு முதியவரைப் பார்க்கும் வேலையும் கிடைத்தது.

இனி மாற வேண்டியவை

2025 கோடையில் ஒப்புதலான கலிஃபோர்னிய வரவு செலவுத் திட்டம், ஆவணமற்ற குடியேறிகளில் பெரியவர்களுக்கு மெடி-காலின் பல் சிகிச்சையை 2026 ஜூலை 1 முதல் நிறுத்த வகை செய்தது. மத்தியப் பள்ளத்தாக்கின் வயல்களில் வேலை செய்பவர்களில் பெரும் பங்கினர் இவர்களே. அவசரச் சிகிச்சை அவர்களுக்குத் தொடரும். 2009இல் பார்த்த அதே அமைப்பு: சொத்தையை அடைக்கப் பணம் இல்லை, வெண்டிலேட்டருக்கு உண்டு.

இப்படி ஒரு வெட்டு வரும்போது மருத்துவமனைகள் தேதிக்கு முன்பே செய்யக்கூடியவை சில உண்டு. பாதிச் சிகிச்சையில் இருப்பவர்களின் பட்டியலைப் பல் மருத்துவ மையங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். தற்காலிக அடைப்போடு இருப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் முதலில். நேரமும் இடமும் இல்லாத "பல் மருத்துவரைப் பார்க்கவும்" என்பதை முடிந்த தொடர் சிகிச்சையாகக் கோப்பில் ஏற்கக் கூடாது. இன்றைய ஐ.சி.டி.-10இல் பல் நோய்களுக்கான கே02, கே04, கே08 குறியீடுகளோடு வாய் மென்திசுத் தொற்றுக்கான கே12.2, முகத் தொற்றுக்கான எல்03.211 இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை வெட்டுக்கு ஓராண்டு முன்பிருந்தே எடுத்து வைக்க வேண்டும். பிந்தித் தொடங்கினால் எதனோடு ஒப்பிட்டு உயர்வைக் காட்டுவது என்பதற்கு விடை இராது.